மின்விசிறியை எடுத்தது யார்?

என் வீட்டுக்காரரை முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் ரேம் அண்ணன் என்று கூப்பிடுகிறார்கள். நான் 'என்னங்க' என்றுதான் கூப்பிடுகிறேன், அதற்கு மூன்றாவது தடவைதான் பதில் வரும். கம்ப்யூட்டருக்குள் சொருகுகிற, ரேம் என்று சொல்கிற மெமரிப் பட்டைகளைச் சோதித்துப் பார்த்து, எது எவ்வளவு வேகம் தாங்கும், எதை வாங்கலாம், எதை வாங்கினால் தலையில் துண்டு என்று எழுதுவது அவர் தொழில். ஒரு சாண்கூட இருக்காது அந்தப் பட்டை. அதற்கு மேலே சீப்பு மாதிரி ஓர் உலோகக் கவசம், கவசத்துக்கு மேலே கலர் கலராக விளக்கு வேறு.

"உள்ளே மூடி வைக்கிற சாமானுக்கு எதுக்குங்க இவ்வளவு மினுக்கு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பெட்டிக்கு இப்பல்லாம் கண்ணாடிக் கதவும்மா" என்றார்.

சாதாரண மனிதர்களுக்குக் கம்ப்யூட்டர் ஓடினால் போதும். இவருடைய வாசகர்களுக்கு அது மற்றவனுடையதைவிட ஒரு மயிரிழையாவது வேகமாக ஓட வேண்டும். அந்த மயிரிழைக்காகச் சோறு தண்ணி இல்லாமல் உட்காருகிற கூட்டம் உலகத்தில் இருக்கிறது என்பதே கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். எனக்கு வேகம் என்றால் பஸ் சீக்கிரம் வருவது, அவ்வளவுதான்.

இவரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். கை சுத்தமான மனுஷன். கம்பெனிக்காரர்கள் பட்டையோடு சேர்த்துப் பை, சட்டை, கைக்கடிகாரம் என்று எதையாவது அனுப்புவார்கள். அத்தனையும் திரும்பிப் போய்விடும். "நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க சார்" என்று போனில் குழைந்தவனிடம், "நல்லதா இருந்தா எழுதுறேன்" என்று பட்டென்று வைத்தவர். அந்த நேர்மையில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. அவர் ஒன்றைச் சரி என்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். அப்படிக் கண்ணை மூடிக்கொண்ட ஆட்களில் முதல் ஆள் என் கொழுந்தன்.

அவர் வேலை செய்கிற இடம் எங்கள் பின்கட்டு அறை. அங்கே ஒரு பெரிய மேசை. மேசைமேல் ஒரு மரப்பலகை, பலகைமேல் மதர்போர்டு திறந்தபடியே கிடக்கும். பெட்டி கிடையாது. நாள் முழுக்கப் பட்டைகளைக் கழற்றி மாட்டுகிறவருக்குப் பெட்டி இடைஞ்சல். படம் வரைகிறவர்களுக்கு வேண்டிய கிராபிக்ஸ் கார்டும் கிடையாது, மெமரியைச் சோதிக்க அது தேவையில்லை என்பார். பக்கத்தில் ஒரு நிற்கும் மின்விசிறி. ஜன்னலில்லாத அறையில் அவருக்கு வியர்த்துக் கொட்டுகிறதே என்று நான்தான் வாங்கிப் போட்டேன். எப்போதோ அதன் முகம் அவர் பக்கத்திலிருந்து மேசைப் பக்கம் திரும்பியது. அப்படியே நின்றுவிட்டது.

அவருக்கு இவ்வளவு பேர் கிடைத்ததே ஒரு வித்தையால்தான். அதை எனக்கு ஒரு தடவை சமையலறையில் வைத்து விளக்கினார்.

"மெமரிங்கிறது ஓட்டைக் குடம் மாதிரிம்மா. ஒழுகிட்டே இருக்கும். அதனால திரும்பத் திரும்ப ரொப்பிட்டே இருக்கணும். ரொப்புற நேரத்துல அது வேற வேலை செய்யாது. ஆகக்கூடி, ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவுல இடைவெளியை நீட்டிவிட்டா வேகம் கூடும்."

"ரொப்புறதுக்குள்ள காலியாயிடுச்சுன்னா?"

"உள்ள இருக்கிறது மாறிப்போயிடும். அது எந்த அளவுக்கு நீட்டினா மாறாதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்றதுதான் என் வேலை."

ஒரு பட்டையை மேசையில் மாட்டி, இடைவெளியை நீட்டி, நாள் கணக்கில் ஓட விடுவார். திரையில் பச்சை வரி வந்துகொண்டே இருந்தால் பாஸ். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தால் ஃபெயில். இரக்கமே காட்ட மாட்டார். பாஸானதும் அந்த எண்களைக் கட்டுரையில் போடுவார், கூட்டம் அப்படியே எடுத்துத் தங்கள் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளும்.

என் கொழுந்தனைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் அவனைச் சின்னவன் என்போம். அண்ணனுக்கு நேர் எதிர். பேசினால் பேச்சு, சிரித்தால் சிரிப்பு. ஒரு ரொட்டிக் கடைக்கு மேலே ஒற்றை அறை எடுத்துக்கொண்டு தனியாளாக ஒரு பொம்மைப் படம் பண்ணிக்கொண்டிருந்தான். ஒரு குடை காற்றில் பிய்த்துக்கொண்டு போய், ஊரெல்லாம் சுற்றி, யார் யார் தலைக்கோ நிழல் கொடுத்துவிட்டு வருகிற கதை. எல்லாம் கம்ப்யூட்டரிலேயே. குடையின் ஒவ்வொரு கம்பியையும் அவனே வரைந்தான். ஒரு படக்கம்பெனி அவனுடைய சின்னத் துண்டு ஒன்றைப் பார்த்துவிட்டு, முழுசாக முடித்துக் குறிப்பிட்ட தேதிக்குள் கொண்டு வா, பிடித்திருந்தால் உனக்கு இங்கேயே இடம் என்று சொல்லியிருந்தது. அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டு வேறு வேலை எதையும் எடுக்காமல் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தான் பையன்.

அவனுடைய கம்ப்யூட்டரை இவர்தான் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்தார். பெரிய கண்ணாடிப் பெட்டி, உள்ளே செங்கல் கனத்துக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு, மேலே இவர் உச்சத்தில் வைத்துக் கொண்டாடி எழுதிய மெமரிப் பட்டைகள். தன் கட்டுரையில் போட்ட அதே எண்களைத் தன் கையாலேயே அதிலும் போட்டார்.

"அண்ணே, பறக்குதுண்ணே!" என்று அவன் துள்ளினான். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. வருகிற வழியெல்லாம் அதையே பேசினார்.

படம் முடிகிற கட்டத்தில் ஒரு நாள் சின்னவன் போன் பண்ணினான். குரலே சரியில்லை. குடை வருகிற இடமெல்லாம் கிழிந்து கிழிந்து தெரிகிறதாம். துணி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை, கம்பி ஒன்று வானம் வரைக்கும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. மறுநாள் படத்தின் மூலக் கோப்பே திறக்கவில்லை. பத்திரமாக, வெளியே சொருகுகிற வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்த நகல்களைத் திறந்தால், அதிலும் அதே கிழிசல். பழைய நகல்களிலும் அங்கங்கே அதே நோய்.

இவர் போய் அந்தப் பட்டைகளைக் கழற்றிக்கொண்டு வந்தார். பின்கட்டு மேசையில் மாட்டி ஓட விட்டார். பச்சை. மறுபடியும் ஓட விட்டார். பச்சை. வாரம் முழுக்க ஓடியது, ஒரு சிவப்பு வரிகூட வரவில்லை.

"மெமரி சுத்தம்" என்று தீர்ப்புச் சொன்னார். "டிஸ்க்கை எப்படி எடுப்பே? நிறுத்திட்டு எடுப்பியா, ஓடும்போதே பிடுங்குவியா? பிடுங்கினா உள்ள இருக்கிற கோப்பு கெட்டுப்போயிடும்."

"நிறுத்திட்டுத்தாண்ணே எடுப்பேன்."

"ஒரு தடவைகூடப் பிடுங்கினது இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

சின்னவன் யோசித்தான். அவன் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். "அவசரத்துல ஒரு தடவை, ரெண்டு தடவை பிடுங்கியிருப்பேனோ என்னமோ..."

"அதான்" என்றார் இவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, கணக்கு முடிந்தது என்கிற மாதிரி சொன்னார். அதுதான் எனக்கு ஆத்திரம். வருஷக்கணக்கான உழைப்பு மண்ணாய்ப் போய் நிற்கிறவனிடம் ஓர் ஆறுதல் வார்த்தை கிடையாதா? அதோடு விடவும் இல்லை, 'மெமரிமீது பழி போடாதீர்கள்' என்று ஒரு கட்டுரை வேறு எழுதினார். பெயர் போடவில்லை. ஆனாலும் அது யாரைப் பற்றியது என்று சின்னவனுக்குத் தெரியாதா?

படக்கம்பெனி சொன்ன தேதி போயிற்று. சின்னவன் பேனர் அடிக்கிற ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். கடைத் திறப்பு, பள்ளிக்கூட விளம்பரம், வாடகைக்கு வீடு என்று எழுத்துப் போடுகிற வேலை. எங்கள் வீட்டுக்கு வந்தால் சிரிப்பு இல்லை, பேச்சு இல்லை, சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவான். கொஞ்ச காலம் கழித்து என்னிடம் மட்டும் சொன்னான். "அண்ணி, திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிச்சிருக்கேன். அந்தக் கம்பெனிக்காரரைப் போய்ப் பார்த்தேன். முடிச்சா கொண்டு வா, பார்க்கிறேன்னாரு. இந்தத் தடவை விட மாட்டேன்." எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அதே கம்ப்யூட்டர், அதே பட்டைகள்தான். அண்ணன்தான் சுத்தம் என்று சொல்லிவிட்டாரே.

இனிமேல்தான் மின்விசிறி வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் துணி துவைக்கிற மெஷினின் குழாய் பிடுங்கிக்கொண்டு சமையலறை முழுக்கத் தண்ணீர். துடைத்துத் துடைத்து என் இடுப்பு ஒடிந்தது. தரை காய வேண்டுமே என்று பின்கட்டுக்குப் போய் அந்த மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இவர் அப்போது குளித்துக்கொண்டிருந்தார். மேசையில், சின்னவனிடம் இருக்கிற அதே ரகத்தில் புதிதாக வந்த பட்டை ஒன்று பச்சை வரி போட்டு ஓடிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் வீடு அதிர ஒரு சத்தம். "ஃபேனை யார் எடுத்தது?"

"ஏன், ஆவியா வந்து எடுக்கும்? நான்தான்."

தலை ஈரம் சொட்டச் சொட்ட வந்து நின்றார். "அறிவிருக்கா உனக்கு? டெஸ்ட் ஓடிட்டிருக்குன்னு தெரியுமில்ல? ஒரே சிவப்பா வந்து கிடக்கு! ஃபேன் இல்லாம எப்படிம்மா தாங்கும் அது?"

எனக்கும் சுருக்கென்று ஏறியது. "அப்ப அதை வாங்குறவன் எல்லாம் ஆளுக்கொரு ஃபேனைக் கொண்டுபோய்ப் பக்கத்துல வெச்சுக்குவானா? எங்க கடையில கண்ணாடியை மாட்டிவிட்டு, தெருவுல நடந்து பார்த்துட்டு வாங்கன்னுதான் சொல்லுவோம். நாற்காலியில உட்கார்ந்து படிக்கிறவனுக்கு எல்லாக் கண்ணாடியும் சரியாத்தான் தெரியும்!"

சண்டை வலுக்கும் என்று நினைத்து நான் துடைப்பத்தைக்கூடக் கீழே வைத்துவிட்டேன். அவரோ பேயறைந்த மாதிரி ஃபேனையே பார்த்தார். பிறகு பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஏதோ முணுக்கென்று கோபித்துக்கொண்டார், தானே சரியாகும் என்று நான் தரையைக் காய வைத்தேன். மின்விசிறியைக் கேட்டு அவர் வரவில்லை.

உள்ளே என்ன நடந்தது என்பதைப் பிற்பாடு அவர் வாயால்தான் கேட்டேன். பரணிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டியை இறக்கியிருக்கிறார். பட்டைகளை அதற்குள் வைத்து, கீழே ஒரு கிராபிக்ஸ் கார்டை மாட்டி, கதவை மூடி, சின்னவன் எப்படி ஓட்டுவானோ அப்படி ஓட்டியிருக்கிறார். கார்டின் அனல் நேராக மேலே ஏறிப் பட்டைகளில் அடித்திருக்கிறது. சூடானால் குடம் வேகமாக ஒழுகும். நீட்டி வைத்த இடைவெளிக்குள் உள்ளே இருந்தது மாறிப்போயிருக்கிறது, கம்ப்யூட்டர் நிற்கவும் இல்லை, ஒரு சத்தம் போடவும் இல்லை. கோப்பைத் திறந்து மூடுகிறபோதெல்லாம், நகல் எடுக்கிறபோதெல்லாம் அதற்குள் ஒரு துளி விஷம் இறங்கியிருக்கிறது. சின்னவன் டிஸ்க்கைப் பிடுங்கவும் இல்லை, ஒன்றும் இல்லை.

அது தெரிந்த மனுஷன் என்ன செய்திருக்க வேண்டும்? போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டிருக்க வேண்டும். இவர் அந்த வாரமே என்னையும் அழைத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனார். "சும்மா ஒரு செக்கப்" என்றார் அவனிடம். தம்பி வீட்டுக்குத் தானாகப் போகாதவர் போகிறாரே, மனசு இளகிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன், மடச்சி. சின்னவன் கீழே போய்த் தேநீர் வாங்கி வருவதற்குள், வேகத்தையெல்லாம் இறக்கி, பட்டைக் கம்பெனி போட்ட பழைய எண்களுக்கே கொண்டுவந்து வைத்துவிட்டார். வாயைத் திறக்கவில்லை. தேநீர் குடித்தார். "நல்லா இருக்கு எல்லாம்" என்று தம்பி தோளைத் தட்டினார். வந்துவிட்டோம்.

அடுத்த வாரம் நான் கடையில் இருக்கும்போது சின்னவன் கூப்பிட்டான்.

"அண்ணி, அண்ணன்கிட்ட சொல்ல மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன்."

"சொல்லு தம்பி."

"சிஸ்டம் திடீர்னு மெதுவாயிடுச்சு அண்ணி. பார்த்தா செட்டிங் எல்லாம் கலைஞ்சு கிடக்கு. நான்தான் எதையோ தொட்டுத் தொலைச்சிருக்கேன் போல. எப்பத் தொட்டேன்னே தெரியல. அப்புறம் அண்ணன் கட்டுரையைப் பார்த்து, அதே நம்பரைத் திரும்பப் போட்டுட்டேன். இப்ப நல்லா ஓடுது. அண்ணனுக்குத் தெரிஞ்சா, இதையும் கெடுத்தியாடான்னு கேப்பாரு. அதான்..."

எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. ஆனால் செக்கப் என்று போனவர் என்னத்தையோ செய்துவிட்டு வந்திருக்கிறார் என்று மட்டும் உறைத்தது. வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்கட்டு வாசலில் நின்று கேட்டேன். முதலில் மழுப்பினார். நான் சின்னவன் சொன்னதைச் சொன்னேன். "திரும்பப் போட்டுட்டானா?" என்று எழுந்தே விட்டார். அப்புறம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, ஃபேன், பெட்டி, அனல், எல்லாவற்றையும் கொட்டினார்.

என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "அவன் அங்க ரெண்டாவது தடவையா உயிரைக் கொடுத்து வரைஞ்சுட்டிருக்கான். நீங்க திருடன் மாதிரி போய்த் திருகிட்டு வந்தீங்களா? இப்பவும் அவன் தன்மேலதான் பழியைப் போட்டுக்கிறான்! நீங்கல்லாம் ஒரு அண்ணனா?"

"சொல்லணும்னுதான் போனேன்மா. வாய் வரலை."

நானே உடனே சின்னவனுக்குப் போன் பண்ணி, "தம்பி, கேள்வி கேட்காதே, அந்தக் கம்ப்யூட்டரை இப்பவே அணைச்சு வை. ஞாயித்துக்கிழமை நாங்க வரோம்" என்றேன். "நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா அண்ணி?" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இல்லைப்பா என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே இவர் ஒரு வேலை செய்தார். பழைய கட்டுரைகளையெல்லாம் எடுத்துவிட்டு, தன் சோதனை முறையே தப்பு, இத்தனை வருஷமாக மின்விசிறிக் காற்றில் வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன், நான் சொன்ன எண்களை உடனே மாற்றுங்கள் என்று பெரிதாக எழுதிப் போட்டார். ஊருக்கெல்லாம் சொல்வது சுலபமாக இருந்திருக்கிறது. ஒருத்தனிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. போட்டதும் பாராட்டாகக் குவிந்தது. ஞாயிற்றுக்கிழமை சின்னவன் அறைக்குப் பஸ்ஸில் போகும்போது எனக்கு வாசித்துக் காட்டினார். "தப்பை ஒத்துக்கிற மனசு யாருக்கு வரும், தலைவணங்குகிறோம் ரேம் அண்ணா" என்று ஒருத்தன் எழுதியிருந்தான்.

"போனை உள்ள வைங்க" என்றேன். வைத்தார்.

சின்னவன் அறையில் கம்ப்யூட்டர் இருட்டாக இருந்தது. எங்களுக்காகச் சமைத்திருந்தான், மூன்று தட்டு எடுத்து வைத்திருந்தான். இவர் உட்காராமல் நின்றபடியே ஆரம்பித்தார். சூடு, இடைவெளி, ஒழுகல், பெட்டிக்குள் காற்றோட்டம் என்று வகுப்பு எடுக்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனார். சின்னவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். முடித்ததும், இதுவரை வரைந்ததிலும் எங்கெங்கே கிழிந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும் என்றார்.

"அப்ப நான் டிஸ்க்கைப் பிடுங்கலையாண்ணே?"

"பிடுங்கியிருந்தாலும் அதனால இல்லடா."

சின்னவன் தன் கையைப் பார்த்தான். "அச்சகத்துல ஒரு பேனரை நாலு தடவை சரி பார்க்கிறேன்ணே. ஒரு வரி, ரெண்டு வரிதான் இருக்கும். அதுக்கே நாலு தடவை. உன்னை மாதிரி மெதுவான ஆளை நான் பார்த்ததே இல்லைன்னு முதலாளி திட்டுவாரு. என் கையை நானே நம்பறதில்லைண்ணே."

இவர் கண் கலங்கிவிட்டது. "தப்பு என்னோடதுடா. என் டெஸ்ட்டே தப்பு."

"பரவாயில்லைண்ணே" என்றான் அவன். நிஜமாகவே பரவாயில்லை என்கிற குரல். முகத்தில் பழைய வெளிச்சம்கூட லேசாக வந்தது. "டெஸ்ட் தப்பாப் போறதுதான். தெரிஞ்சா செஞ்சே?"

நான் மூச்சு விட்டேன். இவரும் விட்டார். சின்னவன் சாப்பாட்டை எடுத்துவைக்கத் திரும்பினான். கரண்டியை எடுத்தவன் அப்படியே நின்றான்.

"அண்ணே, அன்னைக்குச் செக்கப்புன்னு வந்தியே. செட்டிங் கலைஞ்சது நீ பண்ணினதா?"

"ஆமா."

"அப்பத் தெரியுமா உனக்கு?"

இவர் என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

"தெரியும்" என்றார்.

"தேநீர் குடிச்சே. தோளைத் தட்டினே."

"டேய், சொல்லணும்னுதான்..."

"நான் தொட்டுத்தான் கெட்டுதுன்னு ஒரு வாரம் எனக்குத் தூக்கம் இல்லைண்ணே."

அவன் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கரண்டியை வைத்துவிட்டு, மூன்று தட்டில் ஒன்றை எடுத்து அலமாரியில் வைத்தான்.

"நீ கிளம்புண்ணே" என்றான். "அண்ணி, நீங்க இருங்க. சாப்பிட்டுட்டுப் போங்க."

இவர் வாசல்வரை போய் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் கூட வருவேன் என்று எதிர்பார்த்திருப்பார். கட்டின புருஷன், பாவமாகத்தான் இருந்தது. படியில் அவர் செருப்புச் சத்தம் இறங்கிப் போகிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு தட்டின் முன்னால் உட்கார்ந்தேன்.